ஐந்தில் நான்கு

மயிலாடுதுறை கச்சேரி சாலையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
இனிப்பகம், நகைச்சீட்டு, நர்சரி பள்ளி,
நடவு இயந்திரம் வாடகைக்கு விடும் அண்ணன் தம்பி இருவர்
(ஒருவரையொருவர் பிளாக் செய்தவர்கள்),
எல்லோருக்காகவும் போனில் பேசுவது நான்தான்,
அவரவர் குரலில்.

ஆனி மாத மதியம் ஒன்றில்
செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு
அமிர்தகடேசன் ஏறி வந்தார்.
திருக்கடையூர்க்காரர். எமனை உதைத்த சாமியின் பெயர்.
தொழில், குளிர்பெட்டி வாடகை.
"மூணு பெட்டி இருக்கு மேடம்.
செம்பனார்கோயில்ல புதுசா ஒருத்தன் வந்திருக்கான்.
போன்ல தேடுனா அவன்தான் மொதல்ல வர்றான்."

என்ன எழுதுவது?
ஆடித் தள்ளுபடி எழுத முடியாது.
மீண்டும் வருக எழுத முடியாது.
'உங்கள் நண்பர்களுக்கும்' வரை அடித்துவிட்டு
ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

படம் அனுப்பச் சொன்னேன்.
துடைத்துப் பளபளவென்று வைத்த பெட்டி.
கண்ணாடி மூடிக்குள்
போனைப் பிடித்தபடி அவரே படுத்திருந்தார்.
சாய்வாக நின்று எடுங்கள் என்றேன்.
காரணம் சொல்லவில்லை.

பதிவிட உகந்த நேரம் மாலை ஏழரை என்றது செயலி.
அவர் தலையசைத்து மறுத்தார்.
"ராத்திரி ரெண்டுலேர்ந்து நாலு. அப்பதான் தேடுவாங்க."
யாருக்குக் காட்ட வேண்டும்?
வயது கேட்டது. விருப்பங்கள் கேட்டது.
கிரிக்கெட், சமையல், சுற்றுலா.
எல்லோருக்கும் என்று போட்டேன்.

திருக்கடையூரை நடுவில் வைத்து
இருபது கிலோமீட்டருக்கு வட்டம் இழுத்தேன்.
மேற்கே மாயவரம், வடக்கே சீர்காழி,
தெற்கே காரைக்கால்.
கிழக்கே கிட்டத்தட்ட பாதி
கடலில் விழுந்தது.
"தண்ணிக்கும் காசு போவுதா?"
போகாது, அங்கே போன் இல்லை என்றேன்.
"போட்டுல இருக்கறவன்கிட்ட இருக்குமே" என்றார்.
"இருக்கட்டும், விடுங்க."

முதல் வாரம் பதினோரு லைக்.
ஒன்பது பேர் என் ஆட்கள்.
ஒருவர் 'வாழ்த்துகள், மென்மேலும் வளர்க' என்றிருந்தார்.
அதை மறைத்துவைத்தேன்.

பிறகு அழைப்புகள் வந்தன.
எத்தனை என்று மாதக்கடைசியில் அவர் சொல்லும்போது
குரலைத் தாழ்த்திக்கொள்வார்.
நானும் கணக்கில் அதைப்
பென்சிலால்தான் எழுதினேன்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை
முதல் மதிப்புரை.
தில்லைமலர், ஆக்கூர்.
நட்சத்திரம் நான்கு.
'தெருவுல முழங்கால் தண்ணி. தலைக்கு மேல தூக்கிட்டு வந்தாங்க.
காசு பத்திப் பேசல.
அம்மா முகம் நல்லாத் தெரிஞ்சுது.
விடிய விடியப் பக்கத்துல உக்காந்து
பேசிக்கிட்டு இருந்தேன்.
பெட்டிதான் நடுவுல நடுவுல உறுமிக்கிட்டே இருந்துச்சு.'

ஒரு நாளுக்குள் பதில் போட வேண்டும், அது தொழில் விதி.
நான்கு வரி எழுதினேன். நான்கையும் அழித்தேன்.
அவர் உதடசைத்து இரண்டு தடவை படித்தார்.
வேண்டுமானால் தெரிந்தவர்களை விட்டு
ஐந்து ஐந்தாகப் போடச் சொல்லலாம் என்றேன்,
நகைச்சீட்டுக்காரருக்கு அப்படித்தான் செய்தோம்.
என்னைப் பார்த்தார்.
செருப்பு மாட்டும் சத்தம் கீழே கேட்டது.

போகிக்கு முந்தின நாள் போன்.
"மூணுக்கும் மோட்டார் மாத்தியாச்சு மேடம்.
நேத்து ராத்திரி ஒண்ணை ஓடவிட்டுப்
பக்கத்துல பாய் போட்டுப் படுத்துப் பாத்தேன்.
ரெண்டு வயல் தாண்டி
அறுவடை மெஷின் ஓடறது கேட்டுச்சு.
வெளம்பரத்துல ஒரு வரி சேக்கணும்."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்,
எண்ணுக்குக் கீழே, வாடகைக்கு மேலே:
சத்தம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம்.

சலுகை ஒன்றைச் சேர்த்தால்
இன்னும் பலரைச் சென்றடையும் என்றது செயலி.
'தவிர்' என்பதை அழுத்தினேன்.